காணாமல்போன ஒரு சாண் தொப்பை

வேலம்புதூரில் பந்தல் போடுகிறவர்கள் நாலு பேர். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு மூளை என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒன்று என்பது கொஞ்சம் தாராளம்.

நான் குடியிருப்பது வேலம்புதூரிலிருந்து டவுனுக்குப் போகிற சாலையில், கண்ணாயிரத்தின் வடைக்கடைக்கு எதிர்வீட்டில். தாலுகா ஆபீசில் ரிட்டயரான பிறகு அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுதான் என் உத்தியோகம். அதனால் இந்தக் கதையில் பாதியை என் கண்ணாலேயே பார்த்தேன். மீதியை அவர்களே வந்து பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

தலைவர் பூலோகம் மேஸ்திரி. குள்ளமான மனிதர், நல்ல மனசு, அதைவிட நல்ல தொப்பை. தெருமுனையில் திரும்பும்போது முதலில் தொப்பை வரும், கொஞ்சம் பொறுத்து மேஸ்திரி வருவார். அவரிடம் வேலை செய்கிற மூன்று பேரில் ஒச்சப்பன்தான் யோசனைக்காரன். கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பான். அப்படி யோசித்து ஒருமுறை ஏணியிலிருந்து விழுந்திருக்கிறான். சிட்டாண்டிக்கு எதைக் கண்டாலும் சந்தேகம். வெயிலுமுத்துவுக்குச் சந்தேகம் என்பதே கிடையாது. யார் என்ன சொன்னாலும் "அதுவும் சரித்தான்" என்பான்.

அவர்கள் தொழில் செய்கிற முறையே தனி. மூங்கில் குட்டையாக இருந்தால் அடியில் செங்கல் வைப்பார்கள். கயிறு எட்டாவிட்டால் இன்னொரு துண்டை முடிந்துகொள்வார்கள். பந்தல் துணி போதாவிட்டால் கல்யாணத்துக்கு வந்தவர்களை நெருக்கி உட்காரச் சொல்வார்கள். இதெல்லாம் போக, அளவுக்கயிறு என்று ஒரு சமாச்சாரம் உண்டு. அளவெடுத்த கயிறு மடங்கக் கூடாது, தொய்யக் கூடாது, தரையில் படவே கூடாது. பட்டால் அளவு செத்துப்போகும் என்பார்கள். அதை மேஸ்திரிதான் இரண்டு கையாலும் விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். வேறு யாரும் தொட்டால் தொழிலுக்கே ஆகாது.

போன தை மாதம் ஒரு காதுகுத்து வீட்டில் பந்தல் போட ஏணியில் ஏறினார் மேஸ்திரி. நாலு படி ஏறுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. அவருடைய சம்சாரம் குருவம்மாள் அலறிக்கொண்டு ஓடிவந்தாள். மேஸ்திரியின் அண்ணனும் இதே வயதில், இதே தொப்பையோடு, இப்படித்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. அதை நினைத்து அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மூன்று பேரும் மேஸ்திரியை ஏணியோடு சேர்த்து ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். ஏணி எதற்கப்பா என்று வாசலில் ஒருவர் கேட்டார்.

"இதுல ஏறினப்பதான் வந்துச்சு. டாக்டரம்மா இதையும் பாக்கணும்ல" என்றான் ஒச்சப்பன்.

டாக்டரம்மா பொறுமைசாலி. ஏணியை வெளியே சாத்தச் சொல்லிவிட்டு மேஸ்திரியைப் பார்த்தார். நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார், இரண்டு நாள் படுக்கப்போட்டு மாத்திரை கொடுத்தார். பிறகு, பின்னாலேயே வந்துவிட்ட குருவம்மாளையும் சேர்த்து எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"இந்தத் தடவை தப்பிச்சிட்டீங்க. ஆனா இந்தத் தொப்பை ஆபத்து. எடை மெஷின் மொத்தமா எவ்வளவுன்னுதான் சொல்லும், கொழுப்பு எங்க போய் உக்காந்திருக்குன்னு சொல்லாது. வயித்தைச் சுத்தி உக்கார்ற கொழுப்புதான் இதயத்துக்கு எதிரி. ஒருத்தரோட இடுப்பு அவர் உயரத்துல பாதிக்குள்ள இருக்கணும்."

நாலு பேரும் ஒரேமாதிரி விழித்ததைப் பார்த்து, ஒரு கயிறு கொண்டுவரச் சொன்னார். மேஸ்திரியை நிற்க வைத்து உச்சியிலிருந்து பாதம்வரை அளந்து, அதைச் சரிபாதியாக வெட்டி, ஒரு பாதியை அவர் இடுப்பைச் சுற்றிப் போட்டார். இரண்டு முனையும் சேரவில்லை. நடுவில் ஒரு சாண் தொப்பை வெளியே நின்றது.

"இந்த ஒரு சாண் குறையணும். கயிறு சேரணும். சேரலைன்னா உங்க அண்ணனுக்கு வந்தது உங்களுக்கும் வரலாம், நான் மறைக்க விரும்பல. அதுவரைக்கும் ஏணியில ஏறாதீங்க. மாத்திரையை விடாதீங்க. எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். தட்டுல பாதி காய்கறி இருக்கட்டும். அளக்கும்போது வயித்தை எக்கிக்காம, மூச்சை வெளிய விட்டுட்டு அளங்க. ஏதாவது சந்தேகம்னா வந்து கேளுங்க."

கடைசியில் சொன்னதை மட்டும் டாக்டரம்மா சொல்லியிருக்க வேண்டாம்.

குருவம்மாள் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று பேரையும் பார்த்து, "தம்பிகளா, எனக்கு இந்த மனுசனை விட்டா யாரும் இல்ல. இந்தக் கயிறு சேர்ற வரைக்கும் அவர ஒங்க கையிலதான் ஒப்படைக்கிறேன்" என்று அழுதாள். மூன்று பேரும் தலையாட்டி ஏற்றுக்கொண்டார்கள். மேஸ்திரி இல்லாவிட்டால் மூங்கிலில் எது தலைப்பக்கம் எது அடிப்பக்கம் என்றுகூடத் தங்களுக்குத் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் தெளிவு.

மேஸ்திரி எழுந்தார். டாக்டரம்மா கொடுத்த கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து நெஞ்சுக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். அளவெடுத்த கயிறாயிற்றே. பஸ் வந்தது. கம்பியைப் பிடிக்கக் கை இல்லாததால் ஏற முடியவில்லை. டாக்டரம்மாவும் மெதுவாக நடக்கலாம் என்று சொல்லியிருந்ததால், எல்லோரும் ஊர்வரைக்கும் நடந்தே வந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அளந்து பார்த்தார்கள். மேஸ்திரி மூச்சை வெளியே விட்டார். அப்போதுதான் சிட்டாண்டிக்குச் சந்தேகம் வந்தது.

"இடுப்புங்கிறது எங்கண்ணே ஆரம்பிக்குது?"

"வேட்டி கட்டுற எடத்துல" என்றான் ஒச்சப்பன்.

"மேஸ்திரி வேட்டிய தொப்பைக்குக் கீழதான கட்டுறாரு? வெயிலுமுத்து தொப்புளுக்கு மேல கட்டுறான். ஆளுக்கு ஆள் எடம் மாறுமா?"

"அதுவும் சரித்தான்" என்றான் வெயிலுமுத்து.

எதற்கும் இருக்கட்டும் என்று கழுத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். கயிறு இரண்டு சுற்று வந்தது. கழுத்தளவில் மேஸ்திரிக்கு ஒரு குறையும் இல்லை என்று முடிவாயிற்று. இதற்குள் மேஸ்திரியின் முகம் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. குருவம்மாள் ஓடிவந்து முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். மேஸ்திரி 'ஹக்' என்று மூச்சை இழுத்தார்.

"ஏன்யா மூச்சு விடாம நிக்கிற?"

"விட்டுட்டுத்தான் நிக்கிறேன். திரும்ப இழுக்கலாம்னு அந்தம்மா சொல்லலையே" என்றார் மேஸ்திரி.

மறுநாள் காலை நாலு பேரும் கயிற்றைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு நடந்தார்கள், விட்ட மூச்சைத் திரும்ப இழுக்கலாமா என்று கேட்பதற்கு. இழுக்கலாம் என்றார் டாக்டரம்மா. திரும்பி நடந்தார்கள். அன்றிலிருந்து சிட்டாண்டிக்குத் தினம் ஒரு சந்தேகம் வந்தது. தினம் ஒரு நடை.

தட்டில் பாதி காய்கறி என்ற கட்டளைக்குத் தட்டின் குறுக்கே ஒரு நூலைக் கட்டினார்கள். ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் புடலங்காய்க் கூட்டு. ஒரு பருக்கை நூலைத் தாண்டினாலும் பிடித்துத் திருப்பி அனுப்ப வெயிலுமுத்து பக்கத்தில் காவல் உட்கார்ந்தான். சோற்றைக் கூட்டோடு பிசையவே முடியவில்லை. வெறும் சோறு இறங்காமல் மேஸ்திரி கூட்டை மட்டும் தின்றுவிட்டு எழுந்தார்.

ஒரு வாரம் போனது. கயிறு சேரவில்லை. ஒச்சப்பன் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான்.

"உயரத்துல பாதின்னுதான சொன்னாங்க? இடுப்பைக் குறைக்கிறது நமக்குப் பழக்கமில்லாத வேலை. உயரத்தைக் கூட்டுறது நம்ம தொழில்."

இது யாருக்கும் ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று எல்லோரும் வெட்கப்பட்டார்கள். மேஸ்திரியின் ஒவ்வொரு காலுக்கு அடியிலும் செங்கல்களை அடுக்கி, தேங்காய்நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். ஒரு கல் வைத்தால் கயிற்றில் இரண்டு விரல் கூடியது. காலுக்கு ஆறு கல் வைத்தபோது, அந்த உயரத்துக்கு அளந்து பாதியாக வெட்டிய புதுக்கயிறு இடுப்பைச் சுற்றி முட்டிவிட்டது. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. சந்தோஷத்தில் மேஸ்திரி, "குருவம்மா, இங்க வந்து பாரு" என்று ஒரு எட்டு எடுத்து வைத்தார். மாட்டுத் தொட்டிக்குள் விழுந்தார். விழும்போதும் கயிற்றைத் தண்ணீரில் படாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாராம். அதை ஒச்சப்பன் என்னிடம் சொன்னபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

உயரம் என்றால் கால் மண்ணில் பட நிற்கிற உயரம் என்று டாக்டரம்மா விளக்கினார். அதற்கு ஒரு நடை. அடுத்தபடியாகப் பழைய கயிற்றின் முனையில் ஒரு சாண் துண்டை முடிந்துகொண்டு போய், சேர்ந்துவிட்டது என்று காட்டினார்கள். டாக்டரம்மா கத்திரிக்கோலை எடுத்து முடிச்சோடு நறுக்கிவிட்டார். அதற்கு ஒரு நடை. போகிறபோதும் வருகிறபோதும் அவர்கள் கண்ணாயிரத்தின் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மேஸ்திரியின் தொப்பைக்குப் பாதிக் காரணம் அந்தக் கடைதான். கண்ணாயிரத்தின் உளுந்துவடையைப் பற்றி நான் இங்கே விவரிக்கப் போவதில்லை, எனக்குக் கட்டுப்படாது. மேஸ்திரி குழு வந்தால் ஒரு தாம்பாளமே காலியாகும். அவர்களை நம்பித்தான் அவன் காலையில் மாவு ஆட்டுவான். இப்போது தாம்பாளம் முன்னால் இருக்கிறது, பசி இருக்கிறது, மேஸ்திரிக்கு எடுக்கக் கை இல்லை. இரண்டு கையிலும் கயிறு.

"நான் ஊட்டி விடறேண்ணே" என்றான் வெயிலுமுத்து, அன்பினால்.

"மென்னா ஒடம்பு ஆடும், ஒடம்பு ஆடினா கயிறு ஆடும். அளவு செத்துப்போகும்டா" என்றான் ஒச்சப்பன்.

மேஸ்திரி சாப்பிடாதபோது வேலையாட்கள் சாப்பிடுவது முறையில்லை என்பதால் மற்ற மூவரும் சாப்பிடவில்லை. நாலு பேரும் வடைகளைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு நடந்தார்கள். பெருமூச்சில் விட்டதைத் திரும்ப இழுத்தும் கொண்டார்கள், அனுமதி இருக்கிறதே. கண்ணாயிரம் ஈர்க்குச்சி மாதிரி இருந்தவன். விற்காத வடைகளைக் கவலையோடு பார்த்தான். எறிய மனசு வரவில்லை. ஒவ்வொன்றாக அவனே வாயில் போட்டுக்கொண்டான்.

தை போய், மாசி, பங்குனி போய், சித்திரையும் வந்தது. தினமும் ராத்திரி மேஸ்திரி கயிற்றைச் சுவரில் இரண்டு ஆணிக்கு நடுவே விறைப்பாகக் கட்டிவைப்பார், குருவம்மாள் அதற்கு விளக்கேற்றிக் கும்பிடுவாள். கும்பிடுகிற அவசரத்தில் புருஷனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரை அளக்கவும் யாருக்கும் நேரமில்லை. டவுனுக்குப் போய்வரவே பொழுது சரியாக இருந்தது.

ஒருநாள் மனசு கேட்காமல் குருவம்மாளும் அவர்களோடு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். டாக்டரம்மா முன்னால் போய் நின்றதும் மேஸ்திரியின் வேட்டி தானாக அவிழ்ந்து காலடியில் விழுந்தது. பிடிக்கக் கை இல்லை. கோடு போட்ட அண்டராயரோடு, கயிற்றை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி, நிமிர்ந்து நின்றார்.

"டாக்டரம்மா, கொஞ்ச நாளா இந்த வேட்டி பெருத்துக்கிட்டே வருது. இதுக்கும் ஒரு மாத்திரை குடுங்க" என்றான் ஒச்சப்பன்.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கயிற்றை வாங்கினார். மேஸ்திரி மூச்சை விட்டார். கயிறு இடுப்பைச் சுற்றி வந்து சேர்ந்தது. சேர்ந்து, இரண்டு விரல் மிச்சமும் இருந்தது. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், பிரஷர் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. குருவம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மூன்று மாதமாக அடக்கி வைத்த பயமெல்லாம் அந்த அழுகையில் போயிற்று. அவளைப் பார்த்து நர்ஸுகூட அழுதுவிட்டதாகச் சொன்னார்கள்.

"ஒரு சாணுக்கு மேல போயிருக்கு. சந்தோஷம். போனது திரும்பி வந்துடாம பாத்துக்கங்க" என்றார் டாக்டரம்மா.

அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் சிட்டாண்டி நின்றுவிட்டான்.

"அண்ணே, ஒரு சந்தேகம். திரும்பி வராமப் பாத்துக்கணும்னா, அது இப்ப எங்க இருக்குன்னு தெரியணும்ல?"

குருவம்மாளின் அழுகை சட்டென்று நின்றது.

"மாடு தொலைஞ்சா என்ன செய்வோம்? போன வழியில தேடுவோம்" என்றான் ஒச்சப்பன். "மேஸ்திரி வீட்டை விட்டா ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரிய விட்டா வீடு. அப்ப இந்த ரோட்டுலதான் எங்கயோ விழுந்திருக்கு."

"மொத்தமா விழுந்திருக்குமா, கொஞ்சங்கொஞ்சமாவா?" என்றான் சிட்டாண்டி.

"மொத்தமா விழுந்திருந்தா சத்தம் கேட்டிருக்கும்."

"அதுவும் சரித்தான்" என்றான் வெயிலுமுத்து.

சாலையின் இரண்டு பக்கமும் குச்சியால் புதரைக் கிளறிக்கொண்டே வந்தார்கள். ஆடு மேய்க்கிற ஒருவர் என்ன தொலைந்தது என்று கேட்டார். ஒரு சாண் என்றார் மேஸ்திரி. அவரும் கொஞ்ச தூரம் கூடவே தேடிக்கொடுத்துவிட்டுப் போனார். இப்படியே தேடித் தேடி வடைக்கடைக்கு வந்து, தற்செயலாகத் தலையை நிமிர்த்தினான் ஒச்சப்பன். அடுப்புக்குப் பின்னால் கண்ணாயிரம் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் அவனுடைய தொப்பை நின்றுகொண்டிருந்தது.

பெஞ்சில் இருந்த நான் பேப்பரை மடித்துவிட்டேன். அடுத்து நடந்ததை எந்தப் பேப்பரிலும் போடமாட்டார்கள்.

கண்ணாயிரமும் மேஸ்திரியும் ஒரே உயரம். கயிற்றைச் சுற்றிப் பார்த்தார்கள். சரியாக ஒரு சாண் சேரவில்லை.

"நம்ம சாணேதான்" என்றார் மேஸ்திரி, அடையாளம் கண்டுகொண்ட குரலில்.

"நான் யாரோடதையும் எடுக்கலண்ணே. இது என் வடையத் தின்னு வந்தது" என்று கண்ணாயிரம் பதறினான்.

"அந்த வடைய யாருக்குன்னு போட்ட?" என்றான் ஒச்சப்பன்.

"மேஸ்திரிக்குத்தான்."

"அப்ப?"

கண்ணாயிரம் குனிந்து தன் தொப்பையைப் பார்த்தான். நானும் யோசித்துப் பார்த்தேன். தாலுகா ஆபீசில் எத்தனையோ தகராறுகளைப் பார்த்தவன் நான். இதில் எங்கே ஓட்டை என்று எனக்குப் பிடிபடவில்லை.

திருட்டுப் பட்டம் கட்டுகிறவர்கள் இல்லை அவர்கள். இவனே வைத்துக்கொள்ளட்டும் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள். ஆனால் அந்த ஒரு சாண் ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பது குருவம்மாளுக்குப் பிடிக்கவில்லை. "தூங்குறப்போ கெளம்பி வந்துட்டா என்ன செய்வீங்க?" என்று கேட்டாள். அதனால் கண்ணாயிரத்தைக் கண்பார்வையிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. மறுநாளிலிருந்து மேஸ்திரி கயிற்றோடு முன்னால், கண்ணாயிரம் நடுவில், மற்ற மூவர் பின்னால் என்று ஐந்து பேராக டவுனுக்கு நடந்தார்கள். கண்ணாயிரமும் மறுக்கவில்லை. அவன் மாமனாரும் நெஞ்சுவலியில் போனவர்.

சுட்டு வைத்த வடையை யார் பார்த்துக்கொள்வது என்று கண்ணாயிரம் கலங்கினான். நான் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறேன், பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவ்வளவுதான் நான் செய்தது.

ஆவணியில் கண்ணாயிரத்துக்கும் கயிறு சேர்ந்துவிட்டது. டாக்டரம்மா இந்த முறை உஷாராகி, திரும்பி வருவதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கை மட்டும் குலுக்கி அனுப்பினாராம். பிரயோசனமில்லை. வாசலைத் தாண்டுவதற்குள் சிட்டாண்டி நின்றுவிட்டான்.

நேற்று காலை பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். ஐந்து பேரும் எனக்கு எதிரே வரிசையாக நின்று, என் சட்டையின் நடுப்பகுதியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவசரமாக வயிற்றை எக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வாயில் பாதி வடை வேறு இருந்தது.

"மூச்சை விடுங்க சார்" என்றார் மேஸ்திரி, கயிற்றைப் பிடித்தபடி மரியாதையாக. "விட்டுட்டுத்தான் அளக்கணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அவர்கள் காத்திருந்தார்கள். நாள் முழுக்க மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆட்கள், அவர்களுக்கு அவசரம் கிடையாது. எனக்குத்தான் கண் இருட்டியது. விட்டுவிட்டேன்.

ஒச்சப்பன் குனிந்து பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னான்: "வெயிலுமுத்து, ஓடிப்போய் குருவம்மா மதினிகிட்ட சொல்லு. பயப்பட வேணாம், கெடைச்சிருச்சுன்னு."

இன்றுமுதல் நாங்கள் ஆறு பேராக நடக்கிறோம். கடையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். உட்கார்ந்த இடத்தில் வேலை, ஆறின வடைக்குக் கணக்குக் கேட்கமாட்டோம். ஒல்லியானவராக இருந்தால் நல்லது, இடம் நிறைய இருக்கும்.